எழுப்பாத விளக்கு

ஷட்டர் தரையில் மோதிய சத்தம் அடங்குவதற்குள் பெரியவரின் புறங்கை ஆபரேட்டரின் வாயில் இறங்கியது. உதடு பிளந்தது. பின்னால் சாய்ந்தவனை மச்சான் தாங்கிப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே முழங்காலால் முதுகில் ஓர் இடி கொடுத்து மறுபடி முன்னால் அனுப்பி வைத்தான்.

“அவசரப்படாதீங்க மாமா,” என்றான் மச்சான். “லீவு நாள். சுத்துவட்டாரத்துல ஈ காக்கா இல்லை. ஆற அமர செய்யலாம்.”

பெரியவருக்கு ஆறவும் இல்லை, அமரவும் இல்லை. தம்பியைக் குழிக்குள் இறக்கிய நாளிலிருந்து தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. கடன் வாங்காத ஊரிலும் அடிதடி வாங்கி வைத்திருப்பவன். இந்த வேலைக்கு அவனைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவது?

கதவு, அலமாரி, சமையலறைப் பெட்டி என்று எதைக் கேட்டாலும் பலகையில் அறுத்துக் கொடுக்கும் பட்டறை அது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. வேலையாட்களுக்கு அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். ஆர்டர் பிடிப்பது, லாரி ஏற்றுவது, வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் பெரியவர் பொறுப்பு. உள்ளே நடப்பது முழுக்கச் சின்னவர் ராஜ்யம். பட்டறையின் நடுவில் நீளமான இரும்பு மேடை. மேடைக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் தொங்கும் தலை, தலையின் நுனியில் சுழலும் கத்தி. ஓரத்து மேஜையில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் சொன்ன இடத்துக்குத் தலை பறக்கும், பலகையை வெண்ணெய் மாதிரி வெட்டும்.

போன வாரம் அது சின்னவரின் கழுத்தை வெட்டியது.

சின்னவர் மேடையின் இடது மூலையில் குனிந்து மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கத்தி சும்மா சுழன்று சூடேறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன் ஆபரேட்டர். தலை திடீரென்று இடப்பக்கம் பாய்ந்தது, அவ்வளவுதான். போலீஸ் வந்து, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

விபத்தாம்! அதற்கு முதல் நாள்தான் ஒரு கதவைப் பாழாக்கியதற்காகச் சின்னவர் எல்லார் முன்னிலையிலும் ஆபரேட்டரைக் கன்னத்தில் அறைந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னதைப் பட்டறையே கேட்டது: “கை இருக்குன்னு நீட்டாதீங்க முதலாளி. ஒரு நாள் அது இருக்காது.”

கை மட்டுமா, ஆளே இல்லாமல் போய்விட்டார். தம்பியின் மனைவி அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் கேட்டது ஒன்றுதான். “அவரைக் கொன்ன கை இன்னும் அவன் உடம்புல ஒட்டிட்டிருக்கே, அத்தான்?”

“இருக்காதும்மா,” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“மெஷினைப் போடு,” என்றார் பெரியவர் இப்போது. “நீயே உன் கையால போடு.”

ஆபரேட்டர் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்தான். மெயின் சுவிட்சைத் தூக்கினான். கம்ப்யூட்டர் உறுமி எழுந்தது. கீபோர்டின் வலது மூலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. விரலால் அதன் கீழே இருந்த ஒரு கீபோர்டுக் கட்டையை டக், டக், டக் என்று தட்டினான்.

“இங்க என்ன மத்தளமா வாசிக்கிறே?”

“விளக்கை எழுப்பறேங்க. பழக்கம்.”

“எழுப்பறானாம்!” மச்சான் அவன் தலைமுடியைப் பிடித்து மேடை விளிம்பில் மோதினான். “உன்னைத் தூங்க வைக்கத்தான் வந்திருக்கோம்.”

பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு கிளாம்ப் ஒன்று மேடை ஓரத்தில் கிடந்தது. மச்சான் ஆபரேட்டரின் வலது மணிக்கட்டை மேடையின் இடது மூலையில், சின்னவர் விழுந்த அதே மூலையில் வைத்து, மேலே கிளாம்பை மாட்டி, திருகை முறுக்கினான். எலும்பு நெறிபடும் வரை முறுக்கினான். ஆபரேட்டர் போட்ட அலறலில் தகரக் கூரையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது.

“இப்பச் சொல்லு,” என்றார் பெரியவர். “அன்னிக்கு எந்தக் கட்டையை அழுத்தினே?”

“நம்பர்தாங்க அடிச்சேன். சத்தியமா! பலகை நீளம் அடிச்சேன், ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பது. கண்ணு பேப்பர்ல இருந்தது, கை நம்பர் கட்டையில இருந்தது. தலை ஏன் ஓடுச்சுன்னு எனக்கே…”

“நம்பர் அடிச்சா நம்பர் வரும். தலையை நகர்த்தறதுக்கு அம்புக்குறி போட்ட கட்டை தனியா இருக்கு. எனக்கு அது கூடவா தெரியாது? அம்பை அழுத்திக் கொன்னுட்டு நம்பர் கதை விடறியா?”

பெரியவர் மேடையின் பக்கத்தில் இருந்த பச்சைப் பொத்தானைக் குத்தினார். கத்தி சுழலத் தொடங்கியது. முதலில் முனகல், பிறகு ஊளை, பிறகு காதைத் துளைக்கும் கீச்சு. அவர் கம்ப்யூட்டர் முன் போய் நின்று அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார். ஒரு தட்டுக்குத் தலை ஒரு சாண் நகரும். ஆபரேட்டரின் கைக்கு இன்னும் சில தட்டுகள்தான்.

“நிறுத்துங்க!”

பசை காய்ச்சும் அறையின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். ஆபரேட்டரின் மனைவி. அலமாரிக்கும் கதவுக்கும் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். பட்டறையில் எல்லாருக்கும் டிசைன் அக்கா. பின்கதவுச் சாவி அவளிடம் ஒன்று இருப்பதைப் பெரியவர் மறந்தே போயிருந்தார்.

மச்சான் அவளைப் பாதி வழியிலேயே மறித்து, சேலைத் தலைப்பைப் பிடித்துச் சுழற்றி, அடுக்கி வைத்த பலகைகளின் மேல் எறிந்தான். அவள் விழுந்த வேகத்தில் எழுந்தாள். புருவத்தில் கிழிசல். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“பெரியவரே, கொல்றதுன்னா அப்புறமா கொல்லுங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அவர் நம்பர்தான் அடிச்சார். விளக்கு பொய் சொல்லிடுச்சு!”

“கேட்டீங்களா மாமா? இவ புருஷன் கொல்லலையாம், இப்ப விளக்கு மேல கேஸ் போடச் சொல்றா.”

“இந்த நம்பர் கட்டைங்களுக்கு ரெண்டு வேலை,” என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். “அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா, நம்பர். அணைஞ்சிருந்தா, அதே கட்டைங்க அம்புக்குறி. நாலு அழுத்தினா இடப்பக்கம், ரெண்டு அழுத்தினா நம்ம பக்கம். தலை ஓடும். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறு இருக்கு. மெயின் போட்டு எழுந்திருக்கிறப்போ விளக்கு எரியும். ஆனா உள்ள அம்புலதான் இருக்கும்.”

பெரியவர் நம்பர் கட்டைகளின் மேல் விரலை நகர்த்தினார். இரண்டு, நான்கு, நான்கு, பூஜ்யம். திரையில் 2440 என்று சமர்த்தாக எழுந்து நின்றது. தலை அசையவில்லை.

“பாத்தியா?” என்றார். குரல் உடைந்தது. இவள் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டதற்காகத் தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. “போலீஸ்காரனும் அன்னிக்கு இதைத்தான் அடிச்சுப் பார்த்தான். நம்பர்தான் வந்தது. யாரைடி ஏமாத்தறே?”

அவர் தலையசைக்க, மச்சான் மரச் சுத்தியை எடுத்து, மேடையில் விரிந்து கிடந்த ஆபரேட்டரின் சுண்டுவிரல் மேல் ஒரே போடாகப் போட்டான். விரல் நகத்தோடு நசுங்கியது. ஆபரேட்டரின் அலறலைக் கத்தியின் கீச்சு விழுங்கிக்கொண்டது. மச்சான் மோதிர விரலைப் பார்த்துச் சுத்தியை மறுபடி ஓங்கினான்.

“அன்னிக்குப் போலீஸ்காரருக்கு மெஷினைப் போட்டுக் கொடுத்தது நான்!” என்று டிசைன் அக்கா வீறிட்டாள். “நான் போட்டேன், போட்டதும் விளக்கை எழுப்பிட்டேன்! யோசிக்கவே இல்லை, கை தானா தட்டிடுச்சு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான், மூச்சு விடற மாதிரி. வீட்டுக்குப் போய் சோத்துல கை வைக்கிறப்போதான் உறைச்சது. என் கையாலயே இவர் தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன்னு. ஸ்டேஷனுக்கு ஓடினேன். எழுதியாச்சு, முடிஞ்சது, போம்மான்னு அனுப்பிட்டாங்க.”

சுத்தி அந்தரத்தில் நின்றது. பெரியவர் கையைத் தூக்கி மச்சானை நிறுத்தியிருந்தார்.

“எழுப்பறதுன்னா என்ன?”

“விளக்கு அணைஞ்சு மறுபடி எரியற வரைக்கும் அந்தக் கட்டையைத் தட்டணும். பொய் விளக்கா இருந்தா முதல் தட்டுல அது அசையாது. உள்ள மட்டும் சரியாகும். அடுத்த தட்டுல அணையும், அதுக்கடுத்த தட்டுல எரியும். அணைஞ்சு எரிஞ்சாத்தான் நம்பலாம். மெஷினைப் போடறவங்கதான் எழுப்பணும், அப்புறம் வந்து உக்கார்றவங்க நம்பி வேலை செய்யலாம். அதுதான் இங்க வழக்கம். இன்னிக்கும் இவர் எழுப்பினாரா இல்லையா?”

டக், டக், டக். பெரியவருக்கு அந்தச் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது.

“நீங்களே மெயினை அணைச்சுட்டு நீங்களே போடுங்க,” என்றாள் அவள். “என் கையும் படவேண்டாம், அவர் கையும் படவேண்டாம். அவரை மட்டும் அவுத்து விட்டுட்டு…”

“அவுக்கறதெல்லாம் கிடையாது,” என்றான் மச்சான். “நீ சொல்றது நிஜம்னா அவன் கை மேல ஓடட்டும். பொய்னாலும் ஓடத்தான் போகுது. லாபம்தான்.”

பெரியவர் மெயினை இறக்கினார். கத்தியின் கீச்சு ஊளையாகி, முனகலாகி, செத்தது. பட்டறையில் ஆபரேட்டரின் மூச்சிரைப்பு மட்டும். அவர் மெயினைத் தூக்கினார். கம்ப்யூட்டரைத் தட்டினார். பாலம் ஒருமுறை சிலிர்த்து நின்றது. திரை வெளிச்சமானது. கீபோர்டின் மூலையில் அந்தப் பச்சை விளக்கு எரிந்தது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி.

கத்தியைச் சுழலவிடவில்லை. அந்த அளவுக்கு அவருக்குள் ஏதோ ஒன்று ஏற்கெனவே பயந்திருந்தது.

இரண்டு.

தலை ‘விர்ர்’ என்று அவர் பக்கம் ஒரு சாண் பாய்ந்தது.

நான்கு. இடப்பக்கம் ஒரு சாண். நான்கு. இன்னொரு சாண். நின்றுபோன கத்தியின் நுனி, ஆபரேட்டரின் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்த கிளாம்பில் ‘ணங்’ என்று இடித்து நின்றது. அந்த மூலை. அதே மூலை.

திரையில் ஒரு எண்கூட விழவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

டிசைன் அக்கா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டான். பெரியவர் விரலைக் கட்டையிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

“இதை ஏன்டா நீ சொல்லல?” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. “போலீஸ்ல, எங்கிட்ட, ஒருத்தர்கிட்டயும் ஏன் சொல்லல?”

“எப்படிங்க சொல்றது?” ஆபரேட்டரின் பிளந்த உதட்டிலிருந்து வார்த்தைகள் ரத்தத்தோடு வந்தன. “கரண்ட் போயிருந்தது. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா மெஷின் ஓடிட்டிருக்கு, சின்னவர் தூள் துடைச்சிட்டிருக்கார். அவர்தானே போட்டிருப்பார்? விளக்கை எழுப்பறதுன்னு பேர் வெச்சதே அவர்தான். அவர் எழுப்பாம விடமாட்டாருன்னு நம்பி அடிச்சுட்டேன். முதல் நாள்தான் அவர்கிட்ட அடி வாங்கினேன். செத்த மனுஷனைக் காட்டி, தப்பு அவரோடதுதான்னு சொன்னா யார் நம்புவாங்க? அவர் பொண்டாட்டி முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க.”

பெரியவர் மெயின் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார்.

கரண்ட் வந்தபோது டீக்கடையில் ஆபரேட்டர். மாடியில் டிசைன் அக்கா. மேடையருகே தம்பி, கையில் துடைப்பத்தோடு. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். மெயினைத் தூக்கியது யார்? கம்ப்யூட்டரைத் தட்டி, பச்சைப் பொத்தானைக் குத்தி, ‘போட்டுட்டேன்டா, சூடேறட்டும்!’ என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடியது யார்? இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே நின்றிருந்தால் தம்பியைக் காப்பாற்றியிருக்கலாமே என்று இந்த ஒரு வாரமாக நெஞ்சில் அடித்துக்கொண்டாரே, அந்த நினைவில் மெயினைத் தூக்கிய கை யாருடைய கை?

அது மட்டுமா? மெஷின் வந்த புதிதில் தம்பி சொன்னான்: ‘அண்ணே, நீ எப்பவாவது போட்டியானா மறக்காம விளக்கை எழுப்பிடு.’ ‘ஏன்டா, விளக்கு என்ன குறட்டை விட்டுத் தூங்குதா?’ என்று இவர் கேட்டார். இருவரும் சிரித்தார்கள்.

அவர் கத்தியதைக் கேட்ட ஒரே காது மண்ணுக்குள் போய்விட்டது. இனி இதைத் தெரிந்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டால் போதும்.

“சரி,” என்றான் மச்சான், சுத்தியைக் கையில் தட்டிக்கொண்டே. “செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்னு தைரியமா அவன் மேல பழியைத் தூக்கிப் போடறாங்க. அசந்துடாதீங்க மாமா. கை வேணும்னு என் அக்கா வீட்டுல எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”

“அவுத்து விடுடா.”

“என்னது?”

“அவனை அவுத்து விடு. சின்னவன் போடல.” பெரியவர் கம்ப்யூட்டரை விட்டு மேடையருகே வந்தார். “மெயினைப் போட்டது நான்.”

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, மூடிய ஷட்டரைப் பார்த்தான். தரையில் இருந்த டிசைன் அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லை.”

“நல்லது. இனியும் சொல்லாதீங்க. தம்பி சாவுக்கு அண்ணன்தான் காரணம்னு வெளியில தெரிஞ்சா என் அக்கா தெருவுல தலை காட்ட முடியுமா? உங்க தம்பி பொண்டாட்டி உங்க வீட்டு வாசல்ல மண்ணெண்ணெய் ஊத்திக்குவா. இது இந்தச் செவுத்துக்குள்ளயே முடியட்டும்.” மச்சான் சுத்தியைக் கீழே போட்டுவிட்டு மேடையின் பச்சைப் பொத்தானைக் குத்தினான். கத்தி ஊளையிட்டு எழுந்தது. கிளாம்பில் உரசிப் பொறி பறந்தது. “மெஷின் ரெண்டாவது ஆளையும் எடுத்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். பொண்டாட்டி காப்பாத்தப் போய் அவளும் மாட்டிக்கிட்டா. கோளாறு பிடிச்ச மெஷின்னு இப்பத்தான் நாமே பார்த்தோமே! நீங்க வெளியில போய் நில்லுங்க மாமா. உங்களுக்கு இளகின மனசு.”

பேசிக்கொண்டே அவன் கம்ப்யூட்டரை நெருங்கிவிட்டான். அம்பு எது, ஆணி எது என்று அவனுக்குத் தெரியாது. நான்கு என்று எழுதிய கட்டையை அழுத்தினால் தலை இடப்பக்கம் பாயும் என்று கண்ணால் பார்த்திருக்கிறான். அது போதும்.

பெரியவர் பாய்வதற்கு முன் டிசைன் அக்கா பாய்ந்தாள். மேஜையின் மேல் குப்புற விழுந்தாள். மச்சான் அவள் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் பின்னால் வீசினான். வீசப்படுவதற்கு முன் அவள் விரல் ஒரு கட்டையை ஒரே ஒரு தட்டு தட்டியதைப் பெரியவர் பார்த்தார்.

விளக்கு அணையவில்லை. மினுக்கக்கூட இல்லை. மச்சான் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இளித்தான்.

“வணக்கம் சொல்லிக்கோடா,” என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு நான்கை அழுத்தினான்.

தலை நகரவில்லை.

மறுபடி அழுத்தினான். குத்தினான். நான்கு, நான்கு, நான்கு. திரையில் 4444 என்று வரிசை கட்டி நின்றது. முதல் தட்டில் விளக்கு அசையாது, உள்ளே மட்டும் சரியாகும் என்று அவள் சொன்னபோது மச்சான் காது கொடுக்கவில்லை. பெரியவர் கொடுத்திருந்தார்.

“என்ன இழவு இது!” என்று மச்சான் திரையைப் பார்த்துக் கத்திய கணத்தில் பெரியவர் அவன் விலாவில் தோளால் மோதினார். மேஜை கவிழாமல் தள்ளாடியது. இருவரும் தரையில் உருண்டார்கள். மச்சானுக்கு இளவயதும் பலமும் இருந்தன. பெரியவருக்கு ஒரு வாரத்துப் பட்டினிதான் இருந்தது. மச்சான் அவர் மூக்கில் தலையால் முட்டினான். எலும்பு முறிந்த சத்தம் அவர் மண்டைக்குள் கேட்டது. எழுந்து பார்ப்பதற்குள் மச்சான் பலகை அடுக்கின் மேல் கிடந்த அகல உளியை எடுத்துக்கொண்டு ஆபரேட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். மெஷின் செய்யாததை அவனே செய்துவிட்டுப் பழியை மெஷின் மேல் போடலாம் அல்லவா?

ஆபரேட்டர் கட்டுண்ட கையை மையமாக வைத்துச் சுழன்று, காலைத் தூக்கி உதைத்தான். உதை மச்சானின் தொடையில் பட்டது. உளி குறி தவறி ஆபரேட்டரின் தோளில் இறங்கியது. மச்சான் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான்.

ஓங்கிய கையைப் பெரியவர் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினார். இருவருமாக மேடையின் மேல் சரிந்தார்கள். மச்சானின் உளி முனை ஆபரேட்டரின் தொண்டைக்குமேல் ஒரு விரற்கடைத் தூரத்தில் நடுங்கியது. மேலும் சரியாமல் இருக்க ஊன்றிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். பெரியவர் வலது கையை வீசி ஊன்றினார்.

ஊன்றிய இடத்தில் கத்தி சுழன்றுகொண்டிருந்தது.

முதலில் வலி இல்லை. சத்தம்தான். பலகை வெட்டும் சத்தம் இல்லை, ஈரமான, கரகரத்த வேறொரு சத்தம். அவர் முகத்தில் சூடாக ஏதோ தெளித்தது. தன் விரல்கள் மரத்தூளுக்குள் சிதறுவதை அவர் கண்ணால் பார்த்தார். கையை இழுத்தால் மச்சானின் மேல் உள்ள பிடி போகும், உளி இறங்கும். இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் மச்சானின் மணிக்கட்டை முறுக்கினார். அவர் வாயிலிருந்து வந்தது மனிதச் சத்தமாக இல்லை.

“சிவப்பு!” என்று ஆபரேட்டர் அலறினான். “சிவப்பை அடி!”

டிசைன் அக்கா தவழ்ந்து வந்து, மேடையின் முகப்பில் இருந்த சிவப்புக் குமிழை இரண்டு கையாலும் அறைந்தாள். கத்தி முனகி நின்றது.

வந்த அமைதியில் மச்சான் ஒரு கணம் திகைத்தான். தன் அக்கா புருஷனின் ரத்தம் அவன் முகமெல்லாம் வழிந்தது. “மாமா…” என்றான், சிறுபிள்ளை மாதிரி. “கையை எடுங்க மாமா. உங்களுக்காகத்தானே…”

டிசைன் அக்கா தரையில் கிடந்த மரச் சுத்தியை எடுத்து, காதுக்குப் பின்னால் குறி பார்த்து, அவள் வாழ்நாளில் எதையும் அப்படி அடித்ததில்லை என்பது போல ஓர் அடி அடித்தாள். மச்சான் மேடையிலிருந்து வழுக்கி, பலகை மாதிரி நேராக விழுந்தான். ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. எழுந்திருக்கும் உத்தேசம் இல்லை.

அவள் கிளாம்பின் திருகைத் தளர்த்தினாள். ஆபரேட்டரின் கை ஊதாவாக வீங்கியிருந்தது. சுண்டுவிரல் போனது போனதுதான். தோளிலிருந்து ரத்தம் சட்டையை நனைத்து இறங்கியது. இருந்தும் அவன் முதலில் செய்தது, தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி மனைவியிடம் நீட்டியது. “அவர் கையைக் கட்டு. இறுக்கிக் கட்டு. மேல தூக்கிப் பிடி.”

“இந்த ஆளுக்கா?” அவள் கண்ணில் இன்னும் சுத்தி இருந்தது.

“கட்டு.”

அவள் கட்டினாள். அன்பாகக் கட்டவில்லை. பெரியவர் மேடைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் முழுசாக இருந்தது. மூளை எங்கேயோ மிதந்தது. கவிழாமல் நின்ற மேஜையின் மேல் அந்தப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இப்போது அது உண்மையைத்தான் சொல்கிறது. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

டிசைன் அக்கா ஆம்புலன்சுக்குப் பேசினாள். பிறகு போலீசுக்குப் பேசினாள். பேசி முடித்து அவரைப் பார்த்தாள். “அங்க என்ன சொல்லப் போறீங்க? நாங்க ரெண்டு பேர் சொன்னா எடுபடாது. போன தடவையே பார்த்துட்டேன்.”

பெரியவர் பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்க வலது கையை நீட்டினார், பழக்கத்தில். துண்டுக்குள் ஒன்றும் அசையவில்லை. அவள் அதை எடுத்துத் திரையைப் பார்த்தாள். சின்னவரின் மனைவி. டிசைன் அக்கா பொத்தானை அழுத்தி, பெரியவரின் காதில் வைத்துப் பிடித்தாள்.

“அத்தான்?” மறுமுனையில் குரல் தணிந்து வந்தது, பக்கத்தில் யாரோ இருப்பது போல. “என்ன ஆச்சு? அவன் கிடைச்சானா?”

பெரியவர் மூச்சை இழுத்தார். முறிந்த மூக்கு விசிலடித்தது. ஆபரேட்டர், ரத்தம் சொட்டும் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கிடைச்சுட்டான்மா.”

“கை?”

“அதுவும் போச்சு.” கண்ணிலிருந்து தண்ணீர் ரத்தத்தோடு கலந்து வாய்க்குள் இறங்கியது. “அழாம நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு மெஷினைப் போட்டுட்டு லாரிக்கு ஓடினது நான்தான்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. டிசைன் அக்கா போனை அவர் காதிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் சைரன் கேட்கத் தொடங்கியபோதும் அவர் காது அந்த மௌனத்தில்தான் இருந்தது.